தவறவிட்ட கம்பம்

முல்லைத்தீவு
தபசு காலத்து இரண்டாம் ஞாயிறு

அன்பு மகள் கலிஸ்ராவுக்கு,

பிறசர் கூடித் தலை சுற்றியதால்தான் நான் போட்டியன்று அப்படிச் சொன்னேன் என்று வின்சன் உங்கள் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறான். அது சரியல்ல. எனக்குத் தலை சுற்றவில்லை. அந்தக் கிழமைதான் கிளினிக்கில் பார்த்துவிட்டு, வயதுக்கு நல்ல பிறசர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்ணும் காதும் புத்தியும் தெளிவாக இருந்த நேரத்தில்தான் சொன்னேன். என் அண்ணன் மகன் என்மேல் வைத்திருக்கிற பாசத்தால் ஒரு பொய்யைப் போர்த்தி என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். அதற்குள் ஒளித்திருந்துகொண்டு உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சுகம் விசாரிப்பதற்கு முன்னரே இதைத் திருத்துகிறேன்.

போன் எடுக்காமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். நான் எடுக்கும் போதெல்லாம் நீ குளிக்கிறாய், அல்லது படிக்கிறாய், அல்லது நித்திரை என்று உன் அம்மா சொல்கிறாள். என் தங்கச்சி ஸ்ரெல்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான், குரலிலேயே தெரிந்துவிடும். நெடுங்கேணித் தில்லைநாதன் மாஸ்ரரின் மகன் விடுமுறை முடிந்து சுவிஸுக்குத் திரும்புகிறார். உங்கள் நகரத்தில்தான் வேலை என்றபடியால் அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உறையை உன் பெயருக்கு எழுதியிருக்கிறேன். அம்மா உடைக்க மாட்டாள்.

நீ உன் பனிச்சறுக்குப் போட்டிக் காலத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொன்னது ஒன்றும் மறந்து போகவில்லை. கோடையில் பனி இல்லாத காலத்தில் பயிற்றுநர் உங்களை மலைப்பாதையில் ஓட விட்டது, புரட்டாசியில் பனி உருகாத உச்சிக்குக் கூட்டிப் போய்க் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கப் பழக்கியது, கம்பம் பட்டுப் பட்டு உன் முழங்காலுக்குக் கீழே கன்றிப் போனது, எல்லாம் நினைவிருக்கிறது. சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசி உடுப்பு மினுக்குவது போல மினுக்குகிறேன் என்றாய், நான் நம்பவில்லை. நீ உடனே அந்த இஸ்திரிப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினாய். போட்டிக்கு முன்னர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாகக் கையால் காட்டிக் காட்டி மனதுக்குள் இறங்கிப் பார்ப்பீர்களாம். “நீங்கள் செபமாலை உருட்டுகிறது மாதிரித்தான் பெரியம்மா” என்றாய். அந்த ஒரு சொல்லை நான் எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது.

அங்கேதான் என் பிழை தொடங்கியது. நீ ஒருநாளும் முதலாவதாக வருவேன் என்று சொன்னதில்லை. “நல்லா இறங்கினால் முன்னுக்கு வரலாம்” என்றுதான் சொன்னாய். கோவில் முற்றத்தில் அதை “எங்கட பிள்ளை முதலாவதாக வருவாள்” என்று மாற்றிச் சொன்னவள் நான். பனியையே காணாத சனத்துக்கு நான் பனிச்சறுக்குப் பாடம் நடத்தினேன். கோவிலுக்கு வருகிற இரஞ்சிதம் ஒருநாள், “அக்கா, நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் நீங்கள்தான் சறுக்கிப் பழகினனீங்கள் போல கிடக்கு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதையும் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

போட்டியைக் கழகத்தார் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று ஸ்ரெல்லா சொன்னவுடனே, வின்சன் வீட்டுப் பெரிய ரீவியில் எல்லாருக்கும் காட்டுவதென்று முடிவெடுத்தவள் நான்தான். கோவில் மண்டபத்திலிருந்து கதிரை எடுத்துப் போட்டோம். வந்தவர்கள் சாப்பிட ரோல்ஸும் பற்றிஸும் செய்வித்தேன். வின்சன் வெடிக்கட்டு வாங்கி வந்து கேற்றில் தொங்கவிட்டான். எப்போது கொளுத்துவது என்று கேட்டான். “பிள்ளை கீழே அந்த முடிவுக் கோட்டைத் தாண்டினவுடனே கொளுத்து. என்னைக் கேட்டுக்கொண்டு நில்லாதே” என்று கட்டளை போட்டேன்.

முதல் இறக்கத்தில் நீ எவ்வளவு வடிவாக வந்தாய்! அறை முழுக்கக் கைதட்டியது. அதுக்கு வெடி இல்லையோ என்று வின்சன் கேட்க, முடிவு இரண்டாவது இறக்கத்தில்தான் என்று நான் பெரிய அறிவாளியாக விளக்கம் சொன்னேன். இரண்டாவது தடவை நீ பாதிவழியில் சறுக்கி விழுந்து ஒரு கம்பத்தைத் தவறவிட்டுக் கீழே போய் நின்றாய். அதன் பிறகு நீ செய்ததுதான் எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. எழும்பி, பக்கவாட்டாகக் காலை வைத்து வைத்து, வந்த வழியிலேயே மேலே ஏறத் தொடங்கினாய். “என்ன, எல்லாரும் கீழ போக இந்தப் பிள்ளை மேல போகுது?” என்று பின்னால் ஆரோ கேட்டார்கள். “ஏதும் விழுத்திப் போட்டுதோ தெரியாது” என்றார் இன்னொருவர். சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. நீ ஏறி, விட்ட கம்பத்தைச் சுற்றி, மறுபடி இறங்கிக் கோட்டைத் தாண்டினாய். முடிவுப் பலகையில் உன் பெயர் அடியில் வந்தது.

கோட்டைத் தாண்டினவுடன் வெளியே வெடி வெடிக்கத் தொடங்கியது. வின்சன் நான் சொன்ன சொல்லைத் தப்பாமல் செய்தான்.

கடைசியாக வந்த பிள்ளைக்கு வெடி. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி, “வின்சன், நிப்பாட்டு! அது எங்கட பிள்ளை இல்லை. அது வேற ஆரோ” என்று கத்தினேன். கொளுத்தின வெடிக்கட்டை ஆர் நிப்பாட்டுவது? அது தன்பாட்டுக்கு வெடித்து முடிந்தது. தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான், உங்கள் அணிக்கு உடுப்பும் ஒன்றுதான், ஒருவருக்கும் தெரியாது என்று எனக்குள் ஒரு கணக்கு. நீ தலைக்கவசத்தைக் கழற்றினாய். “இல்லை அக்கா, எங்கட கலிஸ்ரா போலத்தான் கிடக்கு” என்றாள் இரஞ்சிதம். உன் முகம் திரையை நிறைத்துக்கொண்டு இருக்கும்போது நான் சொன்னேன்: “உமக்குக் கண் தெரியேல்லை, இரஞ்சிதம். அது எங்கட பிள்ளை இல்லை எண்டு சொல்லுறன்.”

வின்சனின் மனைவி வீடியோப் போனில் ஸ்ரெல்லாவோடு தொடர்பில் நின்றதையும், நான் சொல்வது அங்கே கேட்கும் என்பதையும் நான் மறந்துவிட்டேன். நீ அம்மாவிடம் ஓடி வந்து அந்தப் போனுக்குள் முகத்தை நீட்டினாய். கண்ணாடியின் தடம் உன் கன்னத்தில் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. நீ கோபப்படவில்லை, அழவும் இல்லை. எனக்கு உண்மையாகவே அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து, உதவி செய்கிறவள் போல, “பெரியம்மா, அது நான்தான்” என்றாய்.

நான் குசினிக்குள் போய்விட்டேன்.

சனம் எழும்பிப் போனது. ரோல்ஸ் அப்படியே கிடந்தது. இரஞ்சிதம் போகும்போது குசினி வாசலில் நின்று, “உங்கட பிள்ளை இல்லையெண்டா அது ஆரின்ர பிள்ளையோ, பாவம். விழுந்தெழும்பி வந்த பிள்ளைக்கு ஒருத்தரும் கைதட்டேல்லை” என்றாள்.

கடைசியாகப் போனவள் வீரம்மா. அவளைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பின்வளவுக் கிணற்றுக்கு அங்கால் இருப்பவள். காணாமலாக்கப்பட்ட மகனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் இத்தனை வருடமாக வீதியோரத்தில் போய்க் குந்தியிருக்கிற தாய்மாரில் ஒருத்தி. கேட்கிற அதிகாரி எவனென்றாலும் “இது என்ர பிள்ளை” என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய தொண்டை கம்மிப் போனது. அவளும் அன்று அந்த அறையில்தான் இருந்தாள். நான் சொன்னதை இரண்டு தரமும் கேட்டாள். என்னைக் குறை சொல்லவில்லை. கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டு வந்து, “அக்கா, பிள்ளை விழுந்ததில காலில கையில அடி கிடி பட்டிட்டுதோ? ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ” என்றாள். நான் தலையாட்டினேன். கேட்கவில்லை.

நீ ஏன் மேலே ஏறினாய் என்று மறுநாள்தான் ஸ்ரெல்லா விளக்கினாள். உங்கள் அணியில் ஒரு பிள்ளை முன்னமே விழுந்து விலகிவிட்டாளாம். மிச்சம் நின்ற மூன்று பேரும் முடித்தால்தான் அணிக்குப் புள்ளி. தவறவிட்ட கம்பத்துக்குத் திரும்பி ஏறிப் போய்ச் சுற்றி வந்தால் அந்த வகைப் போட்டியில் முடித்ததாக எடுப்பார்களாம். உனக்கு இனி ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு மற்றப் பிள்ளைகளுக்காக ஏறினாய் என்றாள். உன் அம்மா, “அக்கா, லைனில நிக்கிறியளோ?” என்று கேட்டாள். நின்றேன். எங்கே பார்த்துக் கொண்டு நிற்பது என்றுதான் தெரியவில்லை.

ஒன்றை நேராக எழுதுகிறேன். நீ மற்றவர்களுக்காக ஏறினாய் என்று தெரிந்தபடியால்தான் நான் வெட்கப்படுகிறேன் என்று நினையாதே. நீ வெறுமனே விழுந்து, அழுதுகொண்டு, பாதியில் விலகி வந்திருந்தாலும் என் பிள்ளைதான். அதை நான் அறியாமல் இருக்கவில்லை. அறிந்துகொண்டே, நாலு பேர் சிரித்த சிரிப்புக்காக உன்னைக் கைவிட்டேன். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். பிள்ளைகள் பொய் சொன்னால் வகுப்பின் முன் நிற்க வைப்பார்கள். நான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை என்று இந்த வயது வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பங்குச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தைச் சொன்னேன். அவர் கொடுத்த தண்டனை செபம் எனக்குப் போதாது என்று பட்டது. அதையும் அவருக்குச் சொன்னேன். “அம்மா, இதை எனக்குச் சொன்னது காணாது. கேட்ட ஆக்களுக்குச் சொல்லுங்கோ, பிறகு பிள்ளைக்குச் சொல்லுங்கோ” என்றார். போன ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் முற்றத்தில் நிற்கும்போது, “அண்டைக்கு விழுந்து எழும்பி வந்தது எங்கட கலிஸ்ராதான். நான் தெரிஞ்சுகொண்டுதான் இல்லை எண்டனான்” என்று சத்தமாகச் சொன்னேன். இரஞ்சிதம், “அது எங்கள் எல்லாருக்கும் அண்டைக்கே தெரியும் அக்கா” என்றாள். பிறகு என் கையைப் பிடித்து வீடு வரைக்கும் வந்தாள். இரஞ்சிதம் கதைக்காமல் நடந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

நீ உன் சறுக்குப் பலகைகளை நிலக்கீழ் அறையில் வைத்துப் பூட்டிவிட்டாய் என்றும், பங்குனிக் கடைசிச் சனிக்கிழமை நடக்கிற இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டிக்கு வரவில்லை என்று பயிற்றுநருக்குச் சொல்லிவிட்டாய் என்றும் ஸ்ரெல்லா சொன்னாள். நான் முன்னைய ஆளாக இருந்தால் போ என்று கட்டளை போட்டிருப்பேன். இப்போது எனக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல விடு. கம்பத்தைத் தவறவிட்டவள் நான். நீ உன்னுடையதை அன்றைக்கே திரும்பிப் போய்ச் சுற்றிவிட்டாய். என்னுடைய பிழைக்காக நீ விலகி நிற்க வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை வின்சன் வீட்டு ரீவி போட்டிருக்கும். நீ இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நாங்கள் இருந்து பார்ப்போம். வெடி இல்லை. வருகிற பிள்ளை எந்தப் பிள்ளை என்றாலும், முதலாவது என்றாலும் கடைசி என்றாலும், கைதட்டுவதென்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கேயோ ஒரு பெரியம்மா இருப்பாள்.

இங்கே கடல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வின்சனின் படகு நேற்று நல்ல மீனோடு வந்தது. அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லு. நீ வைக்கிற ஒவ்வொரு காலடிக்கும் கீழே மாதா தன் கையை வைத்திருக்கட்டும்.

இனித்தான் சுகம் விசாரிக்கிறேன். அன்று விழுந்ததில் உனக்கு அடி பட்டதா? எங்கே பட்டது? இப்போதும் நோகிறதா? வீரம்மா கிணற்றடியில் காணும் போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நீ போனில் கதைக்க வேண்டாம். என்னை மன்னித்தேன் என்று எழுதவும் வேண்டாம். அடி பட்டதா இல்லையா என்பதை மட்டும் உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு.

உன் பெரியம்மா,
யோசெப் புனிதமலர்