பந்து விழுந்த இடம்

வேங்கிக்கால்,
10.02.2025, திங்கள்.

அனுப்புநர்:
கோ. இளவரசன், மனு எழுதுபவர், ஆட்சியர் அலுவலக வாசல்.

பெறுநர்:
சு. அன்புச்செல்வி, உடற்கல்வி ஆசிரியை, கீழ்பென்னாத்தூர்.

பொருள்: படித்த காலேஜையே தோற்கடித்தது தொடர்பாக.

அம்மையீர்,

'அன்புள்ள தங்கைக்கு' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

சனிக்கிழமை பைனல் முடிந்ததும் கிரவுண்டிலேயே, "இனிமே செத்தாலும் அவகூடப் பேசமாட்டேன்"னு தனம் அக்கா, தருமன் என்று நம் ரசிகர் கூட்டம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லிலிருந்து மாறமாட்டேன். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதைக் கண்டக்டர் கருப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன்.

இன்றைக்குக் குறைதீர் நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று காலையிலிருந்து பதினெட்டு பேரின் குறையை எழுதிக் கொடுத்தாயிற்று. என் குறையை எந்தக் கலெக்டரிடம் கொடுப்பது?

ஐந்தாவது செட். வேலூர் பதினாலு, நாம் பதிமூன்று. ரேவதி எம்பி அடித்தாளே ஒரு அடி! பந்து பின்கோட்டில் விழுந்தது. கோட்டில்! லைன்மேனாக நின்ற நீ கொடியைக் கீழே காட்டியிருந்தால் 'இன்'. பதினாலுக்குப் பதினாலு ஆகியிருக்கும், அப்புறம் ஆட்டம் நம்முடையது. நீ என்ன செய்தாய்? விறைப்பாக நின்றுகொண்டு கொடியை மேலே தூக்கினாய். அவுட்டாம்! நம் கிரவுண்டிலிருந்தே கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்தக் காலேஜில் நான் படித்ததில்லை. பிளஸ் டூவோடு நின்றவன். 2010இல் நீ ஏழாம் நம்பர் பனியன் போட்டு இறங்கினாயே, அன்றிலிருந்து அது என் டீம். கடலூர், விழுப்புரம், சிதம்பரம், எங்கே ஆட்டம் என்றாலும் மரூன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்கிறேன். நீ கல்யாணமாகிப் போன பிறகும் ஒரு மேட்ச் விட்டதில்லை. படிக்காத எனக்கு இருக்கிற விசுவாசம் படித்த உனக்கு இல்லையே!

ஆகவே, "பார்வைக் கோளாறால் தவறாகக் காட்டிவிட்டேன்" என்று வாலிபால் சங்கத்துக்கு உடனே எழுதிக் கொடுக்குமாறு தாழ்மையுடன், இல்லை, தாழ்மை எல்லாம் கிடையாது, கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காலேஜ் வாலிபால் அணியின் ரசிகன்,
கோ. இளவரசன்


கீழ்பென்னாத்தூர்,
14.02.2025.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

பௌர்ணமிக்கு பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டத்தோடு அலைந்ததில் கருப்பன் அண்ணன் உன் மனுவை நேற்றுதான் கொண்டுவந்து கொடுத்தார். பரிசீலித்தேன். நிராகரிக்கிறேன்.

பந்து அவுட். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே வேலூர்க்காரர்கள், "இவங்க இந்தக் காலேஜ் பழைய பிளேயர், லைன்ல நிறுத்தாதீங்க"னு தகராறு பண்ணினார்கள். நடுவர் ராமகிருஷ்ணன் சார்தான், "இந்தப் பொண்ணு பெத்த அப்பனே அடிச்சாலும் அவுட்னா அவுட்டுனு காட்டும், நீங்க ஆடுங்க"னு அவர்கள் வாயை அடைத்தார். அவருக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை. நம் டீம் தோற்றது உனக்கு மட்டும்தான் வலிக்கிறதா?

நீ கோபித்துக்கொண்டது இருக்கட்டும் அண்ணா. முதலில் கத்தியது யார்? "இன்! இன்! கண்ணு அவிஞ்சி போச்சாடி உனக்கு?" உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்கள் ஆரம்பித்தார்கள். "இவள வேலூர்ல கட்டிக் குடுத்துட்டாங்களா?" என்றான் ஒருவன். அதைவிடக் கேவலமாக இன்னொருவன் சொன்னதை எழுத எனக்குக் கூசுகிறது. ஆட்டம் காட்டலாம் என்று என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தேன். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசி பதினெட்டு, மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை, பச்சையம்மன் கோயிலில் நிறைமதிக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறோம். என் வீட்டுக்காரரே பத்திரிகை எடுத்துக்கொண்டு வருவார். தாய்மாமன் மடி வேண்டும். "மாமா மடியில உக்காந்தா ஊசி வலிக்காதாம்மா?"னு மூன்று நாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வலிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவை முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்.

உன் தங்கை,
அன்பு


வேங்கிக்கால்,
17.02.2025.

அன்புச்செல்விக்கு,

நிராகரிக்கிறாயா? யாருடைய மனுவை யார் நிராகரிப்பது?

"பொட்டப் புள்ள அரை டவுசர் போட்டுக்கினு ஊர் ஊரா குதிக்கப் போவுதா?"னு அப்பா துடைப்பத்தை எடுத்தபோது குறுக்கே விழுந்து முதுகில் வாங்கியது யார்? கோழி கூப்பிடுகிற நேரத்தில் டிவிஎஸ்ஸில் உன்னை உட்காரவைத்து பிராக்டிசுக்குக் கொண்டுபோய் விட்டது யார்? அதற்கெல்லாம் நீ காட்டின நன்றி, ஒரு கொடியை மேலே தூக்கியது.

நான் கத்தினேன் என்கிறாய். கிரவுண்டு என்றால் நாலு பேர் நாலு விதமாகத்தான் கத்துவார்கள். அதை எல்லாம் காதில் போட்டுக்கொண்டால் எதற்கு லைனில் நிற்கிறாய்?

2012இல் கடலூரில் நீங்கள் ஜெயித்த கோப்பைப் படம் இன்றைக்கும் என் மேஜைக்கு மேலேதான் தொங்குகிறது. மனு எழுத வருகிற ஜனங்களிடமெல்லாம், "கோப்பைய புடிச்சிக்கினு நிக்குதே, அது என் தங்கச்சி"னு சொல்லுவேன். போன வாரம் ஒரு அம்மா கேட்டார். "தெரிஞ்ச பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல வைத்துவிட்டாய்.

மாப்பிள்ளை வந்தார். காபி கொடுத்தேன். பத்திரிகையை வாங்கி வைத்திருக்கிறேன், அது மாப்பிள்ளைக்கு மரியாதை. ஆனால் நான் வரமாட்டேன். தப்பு செய்தேன் என்று நீ ஒப்புக்கொள்கிற வரைக்கும் மடி கிடையாது. "பச்சப் புள்ள என்னாடா பண்ணுச்சி?"னு அம்மா சோறு போடும்போதெல்லாம் திட்டுகிறாள். இந்த வீட்டில் என் கட்சிக்கு ஒரு ஆள் இல்லை.

இளவரசன்


கீழ்பென்னாத்தூர்,
21.02.2025.

அண்ணா,

சுருக்கமாக எழுதுகிறேன். நாலாவது பீரியட் முடிந்து பிள்ளைகள் கிரவுண்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கடலூர் படத்தைக் கழற்றிவிடு.

அன்றைக்கும் ஐந்தாவது செட்தான். நாங்கள் பதினாலு, அவர்கள் பதிமூன்று. அவர்கள் அடித்த பந்தை நான் எம்பித் தடுத்தேன். அது என் நடுவிரலில் பட்டுத்தான் வெளியே போனது. கையில் பட்டால் பாயின்ட் அவர்களுக்கு. நடுவர் பார்க்கவில்லை, லைனில் நின்றவரும் பார்க்கவில்லை. வெறும் அவுட் என்று எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கையைத் தூக்கி "டச்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன். எதிரணியில் பின்வரிசையில் பந்தெடுக்கிற லிபரோ பெண் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அவள் முகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. விரல் வீங்கியதைப் பார்த்து நீ கேட்டாய். பஸ் கதவில் நசுங்கியது என்று உன்னிடமும் பொய் சொன்னேன்.

அதற்காகத்தான் லைன்மேன் பரீட்சை எழுதினேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது நீ சொல். கூட்டத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் நீ எப்போதும் உட்காருகிற இடம் எனக்குத் தெரியும். புங்கமரத்தடியில், பின்கோட்டுக்கு நேரே, காலை நீட்டினால் கோடு இடிக்கும். பந்து உன் எதிரில்தான் விழுந்தது. எங்கே விழுந்தது?

இதற்குப் பதில் எழுதாமல் காதுகுத்துக்கு வராதே. வேறு மடி தேடமாட்டேன். ஊர் என்ன பேசினாலும் பரவாயில்லை, என் பிள்ளையை என் மடியிலேயே உட்காரவைத்துக் குத்திக்கொள்வேன். அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிடு.

அன்புச்செல்வி


வேங்கிக்கால்,
27.02.2025, வியாழன்.

அன்புள்ள தங்கைக்கு,

நாலு விரற்கடை வெளியே விழுந்தது. கோட்டில் போட்ட சுண்ணாம்பு கலையவில்லை. புழுதி என் கால்மேல்தான் தெறித்தது.

விழுந்த உடனே தெரிந்துவிட்டது. நீ கொடியைத் தூக்குவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நீ தூக்கினாய், தூக்கிவிட்டு ஒரு தடவை என்னைப் பார்த்தாய். அண்ணன் பார்த்திருப்பான், அவனுக்குத் தெரியும் என்று நினைத்துத்தானே பார்த்தாய்? அப்போதுதான் கத்தினேன். அவுட் என்று தெரிந்தே 'இன்' என்று கத்தினேன். பதினைந்து வருஷம் டீம் பின்னாலேயே அலைந்தவன், தோற்ற ஆத்திரம் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. அதை உன்மேல் கொட்டினேன். அவன்கள் அதற்கப்புறம் பேசியதும் என் காதில் விழுந்தது. விழாத மாதிரி நின்றேன். நான் செய்தது அயோக்கியத்தனம். மனு எழுதுகிறவனுக்கு அதற்கு வேறு நல்ல வார்த்தை தேடத் தெரியாதா? தேடவில்லை.

விரல் விஷயமும் எனக்குத் தெரியும். அன்றைக்குக் கடலூரிலிருந்து வந்த பஸ்ஸுக்குக் கதவே கிடையாது. நான்தானே உன்னை ஏற்றிவிட்டேன். பதின்மூன்று வருஷமாகத் தெரிந்தேதான் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். நீயாகச் சொல்லிவிட்டாய், நான் வாயைத் திறக்கவில்லை. படத்தை நேற்றுக் கழற்றிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் பிராக்டிசுக்குப் போனேன். புங்கமரத்தடியில் நம் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். எழுந்து நின்று, "அன்னிக்கு பந்து அவுட்டு. நான் பாத்தேன். எந்தங்கச்சி காட்டினதுதான் சரி. பாத்துட்டே பொய் சொன்னேன்"னு சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? தனம் அக்கா எனக்கு நீட்டின அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். தருமன், "இன்னாபா, வேலூர் கட்சியா நீ?" என்கிறான். இதில் ரேவதி வந்து நின்று, "அடிக்கும்போதே கைக்குத் தெரிஞ்சிதுண்ணா, ஜாஸ்தி போயிடுச்சினு" என்கிறாள். உடனே தருமனும், "எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சி" என்று தலையை ஆட்டுகிறான். ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே ஒரு பெண்ணை அத்தனை பேச்சு பேசியிருக்கிறோம்.

உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரிடமும் நானே வந்து சொல்கிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல்.

நிறைமதிக்குப் பட்டுப் பாவாடை எடுத்தாயிற்று. மரூன். அதில் நீ தலையிடக்கூடாது, அது என் டீம், அவள் என் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். நேரே உள்ளே வந்துவிடமாட்டேன். சீர்த்தட்டோடு கோயில் வாசலில் நிற்பேன். பேசமாட்டேன் என்று சொன்னவன் நான், அதனால் நீயும் எதுவும் பேச வேண்டாம். கொடியும் வேண்டாம், கை போதும். கீழே காட்டினால் உள்ளே வந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்கிறேன். மேலே தூக்கினால் தட்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

நீ எப்படிக் காட்டினாலும் சரி, இந்தத் தடவை கத்தமாட்டேன்.

உன் அண்ணன்,
இளவரசன்