மலை நிலையத்துக் குரல்

பிப்ரவரி 3, செவ்வாய்

மலையிலுள்ள டிவி நிலையம் மறு ஒளிபரப்பும் சோதனை வண்ணப் பட்டைகள் எங்கள் அலுவலகத் திரைக்கும் வரும். தினமும் காலையில் அதைப் பார்த்து, நேர்வழித் தொலைபேசியில் குறை சொல்வது என் வேலை.

"பச்சை வெளுத்திருக்கு சார்."

மலையில் இருப்பவர் எதையோ திருகினார். "இப்ப?"

"சரியாயிடுச்சு."

"உங்க குரல்தான் கம்மியிருக்கு. சளியா மேடம்?"

"இல்ல சார்."

சளிதான். ஏன் இல்லை என்றேன்? இரண்டு வருடமாகப் பேசுகிறோம். முகம் பார்த்ததில்லை.

பிப்ரவரி 11

மாதக் கடைசியோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தம். டிஜிட்டலைத் தலைமையகமே கவனித்துக்கொள்ளுமாம். மலைக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. காலியாகும் அலைவரிசை செல்போன் கம்பெனிகளுக்கு. ஊரே தாராளமாகப் பேசிக்கொள்ள, எங்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

எங்கள் பேச்சா? அப்படி என்ன பேசிக் கிழித்தேன்?

பிப்ரவரி 19

பக்கத்து வீட்டு அத்தைக்குத் தலையை மட்டும் ஆட்டினேனாம். மூட்டை இறக்கிவிட்டு வந்த களைப்பிலும் அப்பா விடவில்லை. "நம்ம வம்சத்துலயே மொதமொதலா காலேஜ் வாசல மிதிச்சவ நீ. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

பிப்ரவரி 20

மலையிலும் மழையா என்று கேட்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 28, சனி

கடைசி நாள். பட்டைகள் சரியென்று சொன்ன பிறகும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா மேடம்?"

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! "சத்தம்... கொஞ்சம் கம்மி சார்" என்றேன்.

பாவி. சத்தம் சரியாகத்தான் இருந்தது.

"ஓ," என்றார். "இதோ, ஏத்திடறேன்."

வீட்டுக்கு வந்தால் அம்மா புலம்புகிறாள்: "இந்த டிவிக்கு என்னடி கேடு? காலைலேருந்து தொண்டை கிழியக் கத்துது!"

மார்ச் 2

நேர்வழித் தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் மேசை மட்டும் புதிதாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

தோழி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன்.

நிலைய வாசலில், இறக்கிவைத்த ஆன்டெனாவின் போல்ட்டுகளை ஒருவர் குந்தியபடி கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். நான் கற்பனை செய்த முகம் இல்லை. மூக்கு பெரியது.

"யாரைப் பாக்கணும்?"

அதே குரல். அவருக்கு நான் யாரோ. வாயைத் திறந்தால்தானே தெரியும்? திரும்பிப் பார்த்தேன். பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிடலாம்.

"உங்களைத்தான் சார்" என்றேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பஸ் கிளம்பிப் போனது. அடுத்தது சாயங்காலம்தான்.