நாலும் ஏழும் எங்கே?

ஜென்ஜியாங், டிசம்பர் 6

அன்பு மகள் வான்ஷுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறோம், ராட்டர்டாம் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இன்று எழுந்ததும் முதல் வேலையாகச் சுடுதண்ணீர்ப் பையில் விரல்களைச் சூடாக்கிக்கொண்டு, பியானோவின் கறுப்புக் கட்டைகளில் மட்டும் அரை மணி நேரம் வாசித்தேன். கோபமா என்று அப்பா படுக்கையிலிருந்தே கேட்டார். ஆமாம் என்றேன்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் நம் சீனப் பாட்டுகளில்தான் தொடங்குகிறேன் என்று உனக்குத் தெரியும். அவற்றில் ஐந்தே சுரங்கள்தான், ஐந்து கறுப்புக் கட்டைகள் போதும், விரல் எங்கே விழுந்தாலும் பாட்டாகத்தான் கேட்கும், அழுதுகொண்டு வந்த குழந்தைகூடச் சிரித்துவிடும். நேற்று மாலை ஏழு வயது மியாவின் அப்பா தாங், சுரங்களை எண்களில் எழுதிய அவள் நோட்டை எல்லாப் பெற்றோர் முன்னாலும் விரித்துப் பிடித்தார். "டீச்சர், ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறுன்னுதான் இருக்கு. நாலும் ஏழும் எங்க போச்சு? மூணு மாசமா மறந்துட்டீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா உங்களைத் தூங்க வைத்த பாட்டில் நாலும் ஏழும் வருகிறதா, முனகிப் பாருங்கள் என்றேன். மனிதர் உண்மையாகவே விரல்விட்டு எண்ணி முனகினார், காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "தாலாட்டுக்கு எவன் சர்டிபிகேட் குடுக்கிறான்?"

இசைப் பள்ளி முதல்வர் குவோவும் அவர் பக்கம்தான். அடுத்த மாதம் முதல், சான்றிதழ் தரும் பியானோ தரத்தேர்வுக்கான புத்தகத்தை மட்டுமே நடத்த வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும். பிறகு மெல்லச் சொன்னார்: "வென்லான் டீச்சர், உங்க பொண்ணே அந்தப் புத்தகத்துலதானே பத்தாம் தரம் வரைக்கும் வந்தா?" அதுதான் சுட்டது. வந்தாய். சான்றிதழ் வந்த அன்றே பியானோவை மூடினாய், அதன்பிறகு ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. மூட வைத்தவள் நான். இன்னொரு குழந்தைக்கு அதைச் செய்ய மாட்டேன், அவர்கள் எத்தனை பேர் சிரித்தாலும் சரி.

ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே, ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. டோங்ஜி குளிர்காலப் பண்டிகை அன்று அரிசி உருண்டை கிடைக்காவிட்டாலும் அப்பாவுக்குப் போன் செய்ய மறக்காதே, காத்திருக்காதவர்போல நடிப்பார். எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் குறையில்லாமல் இரு.

அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. உன் கட்டிலைப் பிரித்து வைத்துவிட்டுப் பியானோவை உன் அறைக்கு நகர்த்தி, ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் அங்கே வகுப்பு நடத்தப்போகிறேன். நீ வரும்போது என் பக்கத்தில் படுத்துக்கொள்.

உன் அம்மா,
ஷூ வென்லான்