ஒரே மாதிரி இரண்டு சட்டை

மாப்ளே,

நேற்று சாயங்காலம்தான் பெட்டியைப் பிரித்தேன். லீவு முடிந்து வந்து நாலு நாள் ஆகியும் கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்தது. ஜிப்பை இழுத்ததுதான் தாமதம், நார்த்தங்காய் ஊறுகாய் வாசனை அறை முழுக்க ஏறிவிட்டது. செய்தித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் சுற்றிச் சுற்றி பிரவுன் டேப். இப்படி டேப் ஒட்டுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். நீ அதைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டே, "இந்த ஆளுக்கு என்னமோ கப்பல்ல போற சரக்குன்னு நெனப்பு" என்று திட்டுவாய். திட்டும்போதே உன் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோஹாவில், சனாயா தொழிற்பேட்டையில் நம் கேம்ப் அப்படியேதான் இருக்கிறது. அதே ஆறு பேர் ரூம், அதே இரைகிற ஏசி. லீவில் போகிறவன் மற்றவர்களின் பார்சலைச் சுமந்து போகும் வழக்கமும் மாறவில்லை. பெட்ஷீட்டைத் தரையில் விரித்து, பார்சலில் உள்ள ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஏர்போர்ட்டில் மாட்டப்போவது சுமப்பவன் தலைதானே. நான் முதன்முதலாக உன் பார்சலைச் சுமந்த வருடம் அப்படித்தான் உன் வாழ்க்கையே என் முன்னால் பெட்ஷீட்டில் விரிந்தது. கோடாலித் தைலம், பால் பவுடர், பாதாம், நல்ல ரகத்தில் ஒரு மைக், ஒரு சட்டை. நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட சட்டை. அதே சட்டை உன் கட்டில் கொக்கியிலும் தொங்கியது.

"யாருடா இந்த ஆளு? பொண்டாட்டிக்கு அனுப்புற மாதிரி பார்த்துப் பார்த்து அனுப்புற?" என்று நான்தான் கிண்டல் பண்ணினேன்.

"அப்படித்தான்னு வச்சுக்கயேன்" என்றாய்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து ஒட்ட ஆரம்பித்துவிட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஏழு வருடம் உன் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்தவன், ஏசி நேராக அடிக்கிறது என்று சொல்லி ஜன்னல் பக்கம் மாறிப் படுத்தேன். நீ என் தலையணையை எடுத்துக் கையில் கொடுத்தாய். சம்மதித்துவிட்ட பாவத்துக்கு அந்தப் பார்சலை வேண்டாவெறுப்பாகச் சுமந்துகொண்டு ஊருக்குப் போனேன்.

பட்டுக்கோட்டை பக்கத்தில் அவருடைய மைக் செட் கடை. சுற்றுப்பட்டு ஊர்களில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ஸ்பீக்கர் கட்டுகிற ஆள் அவர்தான். கொடுத்தோம் வந்தோம் என்று கிளம்பிவிடத்தான் வாசலிலேயே நின்றேன். உள்ளே சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார். ஒன்று நம்மூர் நேரம். இன்னொன்று இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடியது.

"அது அங்கத்த டயமுங்க. இப்ப டூட்டி முடிச்சு பஸ்ல வந்துக்கிட்டிருப்பாப்ல" என்றார்.

என் பெண்டாட்டி கட்டிய நாளிலிருந்து போனில் என்னிடம், "இப்ப அங்க மணி என்ன?" என்றுதான் கேட்கிறாள். அவள்கூட அப்படி ஒன்று மாட்டவில்லை. நான் உட்கார்ந்தேன், அவர் கொடுத்த டீயைக் குடித்தேன். கிளம்பும்போது இரண்டு பாட்டில் ஊறுகாய் கொடுத்துவிட்டார். ஒன்று உனக்கு, ஒன்று ரூமுக்கு.

திரும்பி வந்ததும் பழைய கட்டிலுக்கே ஏறிவிட்டேன். "ஏசி குளிரு கொறஞ்சிருச்சா?" என்றாய். "கொறஞ்சிருச்சு" என்றேன். அதோடு கலாஸ், பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றி ரூமில் வைத்துப் பேசியதே இல்லை. இந்த நாட்டில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்கு நடக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாய். ஊரில் உனக்குப் பெண் பார்க்கப் பார்க்க நீ லீவையே தள்ளிப்போட்டதை. உன் அண்ணன் அவரைக் கடைவாசலில் நிறுத்தி வைத்துக் கேவலமாகப் பேசியதை. நீயும் அவரும் சேர்ந்து பதினாறு வருடம், மாப்ளே. நம்ம ரூமில் பாதிப் பேருடைய கல்யாணத்துக்கு அவ்வளவு வயது இல்லை.

தீர்ப்பு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காலை டீ பிரேக். ஒர்க்‌ஷாப் வாசலில் தகரத் தகடுகள் மேல் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்தே நீ போனைப் பார்ப்பதும் பையில் போடுவதுமாக இருந்தாய். உங்களைப் போன்றவர்கள் கல்யாணத்துக்கு உச்ச நீதிமன்றம் சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த லீவில் நீயும் அவரும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போவதாக இருந்தது. கல்யாணத்துக்குச் சட்டம் போடுவது எங்கள் வேலை இல்லை, நாடாளுமன்றம்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ஒருவன், "நல்லவேளடா, இல்லன்னா ஆம்பளைக்கு ஆம்பள தாலி கட்டிருப்பானுங்க" என்று சிரித்தான். இன்னொருவன், "அவனவன் வாழ்க்க, ஒனக்கென்னடா வலிக்குது?" என்றான். நேபாளத்து குருங் பாய் பேப்பர் கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு, "எங்க ஊர்ல கோர்ட்டு பதிவு பண்ணச் சொல்லிருச்சு பாய்" என்று இந்தியில் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேலைக்குத் திரும்பும்போது, "முடியாதுன்னு சொல்லல. நாங்க சொல்ல முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. காத்திருப்போம்" என்றாய்.   உன் டீக்கும் சேர்த்து நான் காசு கொடுத்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

உன்னால் காத்திருக்க முடியவில்லை. அடுத்த கோடைக்குள் ஒரு காலையில் டூட்டி பஸ் ஹார்ன் அடித்தும் நீ எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். உன் கூடவே ஊர்வரை வரக் கம்பெனி என்னை அனுப்பியது. உன் சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்கியது நான்தான். எல்லாம் உன் அண்ணன் கைக்குப் போகும். அந்த நீலக் கோட்டுச் சட்டையை மட்டும் பெட்டியில் வைக்காமல் என் பையில் வைத்தேன். கொடுக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும்.

உன் வீட்டு வாசலில் கூட்டம். தெருமுனையில் லைட் கம்பத்துக்குப் பக்கத்தில் அவர் தனியாக நின்றார். பக்கத்தில் வரவில்லை. உன் அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அண்ணனுக்குத் தெரியாதா என்ன? என் வாயிலிருந்து வர வேண்டும் என்று கேட்டார்.

"அந்தாளு யாரு? ஒங்களுக்குப் பழக்கமா?"

"தெரியலங்க" என்றேன்.

எத்தனை முறை அவர் கையால் டீ குடித்திருப்பேன். அவர் ஊறுகாய் இல்லாமல் எத்தனை நாள் தயிர்ச் சோறு இறங்கியிருக்கும் எனக்கு. ஒரே நொடியில் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு அவரிடம் நடப்பது? அவர் சுடுகாட்டுப் பாதை வரைக்கும் கூட்டத்துக்குப் பின்னால் தள்ளியே நடந்து வந்தார். சட்டை என்னோடு தோஹாவுக்கே திரும்பி வந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் என் பெட்டியின் அடியில் கிடந்தது. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நான் தினமும் அதன் மேல் துணி அடுக்கினேன்.

இந்த லீவு என் மகள் கல்யாணத்துக்கு. பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று சட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். இரண்டாவது கடிகாரம் இன்னும் ஓடுகிறது மாப்ளே. சட்டையை அவர் கையில் கொடுத்து, அன்றைக்கு உன் அண்ணனிடம் நான் சொன்னதையும் சொன்னேன்.  அவர் சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க தெரியும்னு சொல்லியிருந்தா அன்னைக்கே என்னைய வெரட்டியிருப்பாங்க. கடைசி வரைக்கும் கூட வந்தேன்ல. அது போதும்" என்றார்.

போதாது. அவருக்குப் போதுமாக இருக்கலாம், எனக்குப் போதாது. "கல்யாணத்துக்கு நீங்க எங்க குடும்பத்து ஆளா வரணும்" என்றேன். "மைக் செட் போட வந்ததா சொல்லிருங்க, பிரச்சன வராது. எனக்கு இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. ஒங்க பொண்ணு வாழப்போற எடம், நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதுக்கென்னப்பா, முன்னாடி உக்கார வைங்க" என்றாள். நான் எவ்வளவு பயந்து பயந்து சொன்னேன் தெரியுமா?

கல்யாணத்தன்று அவர் வந்தார். அந்த நீலக் கோட்டுச் சட்டையில். அது உன்னுடையதா அவருடையதா என்று நான் கேட்கவில்லை. வந்ததும் பழக்க தோஷத்தில் ஸ்பீக்கர் ஒயரைச் சரிபண்ணக் குனிந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். சம்பந்தி பார்த்துக்கொண்டே இருந்தார். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், விசாரிக்காமல் ஒரு கையெழுத்து போட மாட்டார். என் பக்கத்தில் வந்தார்.

"இவுங்க யாருங்க? சொந்தமா?"

அதே கேள்வி. மேடையில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் தாலி ஏறவில்லை. 

"கத்தார்ல எங்கூட ஒருத்தன் இருந்தான். எம் மாப்ள. போன வருசம் தவறிட்டான்" என்றேன். "அவன் வீட்டுக்காரர் இவரு."

சம்பந்தி என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மீசையைத் தடவினார். பின்னால் நின்ற என் மைத்துனர் விருட்டென்று வெளியே போனார். இன்று வரை என் போனை எடுக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம். நான் மேளக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றேன். 

"சாப்ட்டாங்களா அவுங்க?" என்றார் சம்பந்தி. "இல்லன்னா முகூர்த்தம் முடிஞ்சதும் மொதப் பந்தியிலயே உக்கார வைங்க. தூரத்துலேருந்து வந்திருக்காங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கிறான், அழுகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஊறுகாய் இந்த முறையும் இரண்டு பாட்டில். ஒன்று ரூமுக்கு. இன்னொன்றைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். சட்டம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வருகிற நாளில் அவர் பதிவு ஆபீசுக்குப் போக முடியாது, நீ இல்லை. அது எனக்கு ஆறவே ஆறாது. ஆனால் உன் பார்சல் நிற்கவில்லை மாப்ளே. இன்று சாயங்காலம் பக்கத்து ரூம் பேராவூரணிக்காரர் லீவில் போகிறார் என்று பெட்ஷீட்டை விரித்தோம். தைலம், பாதாம், பால் பவுடர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன்.

"யாருக்குண்ணே இதெல்லாம்?" என்றார்.

"எம் மாப்ள வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன்.