கடல் இல்லாத கடற்கரை கோல்ஃப்

1997 ஆகஸ்ட் 3, ஞாயிறு
காற்று. கூரைத் தகரம் துள்ளுகிறது.
பொய் ஒன்று சொல்லிவிட்டேன். கோல்ஃப் தெரியும் என்று, தோட்டத்துப் பெரிய துரையிடம். உண்மை: நுவரெலியாவில் ஒரே ஒரு நாள் ஒருவருடைய மட்டைப் பை தூக்கினேன். அதுவும் பாதி வழி.
துரை மேலே புல்மலையில் ஒன்பது குழி வெட்டிவிட்டார். சீமைக் கடற்கரையில் இப்படித்தானாம். மரம் கூடாது, காற்று வேண்டும், மணல் வேண்டும். திறப்பு விழா நல்லபடி முடிந்தால் நான் கோல்ஃப் வாட்சர், மைதானக் காவல். இல்லையேல் பழையபடி உரமூட்டை, இந்த முழங்காலோடு.
வீட்டுக்காரி மாரியாயி: "கடல் எப்பங்க வருது? லொறியிலயா?"

5, செவ்வாய்
வில்கமுவ ஆற்று மணல் லொறியில் வந்தது. நாவுல செக்பொயின்டில் ஆமிக்காரர்கள் குண்டு இருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்தார்களாம். "வெளையாடத்தான் மணல்" என்றானாம் டிரைவர். இன்னும் இரண்டு மணி நேரம் குத்தினார்களாம்.
செய்ய வேண்டியது: கொடி. ஆடுகளைக் கட்டச் சொல்ல. தேங்காய் 9.
மாலையில் என்னையும் அடிக்கச் சொன்னார் துரை. பந்து மேலே போய், காற்றில் திரும்பி, எனக்குப் பின்னால் விழுந்தது.
"கடற்கரையில இப்பிடித்தாங்க அடிப்பாங்க, தொர."
தலையாட்டினார்!

10, ஞாயிறு
திறப்பு. எதிராட்டம் துரையின் கொழும்புச் சிநேகிதர்.
நல்ல காரியமாயிற்றே, காலையிலேயே பூசாரியைக் கூட்டிப்போய்க் குழிக்கொரு தேங்காய் உடைத்திருந்தேன். முதல் குழியிலேயே வினை. புல்லெல்லாம் வெள்ளைச் சில். எது பந்து, எது தேங்காய்? சிநேகிதர் குனிந்து குனிந்து பொறுக்கினார்.
"யாரு வேல இது?" துரை முகம் சிவப்பு.
"சாமி வேலைங்க."
வேலியோரம் மாரியாயி: "சம்பலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க!"
சிநேகிதர்தான் காப்பாற்றினார். "கடற்கரைன்னா சிப்பி கிடக்கும்தானே?" துரையும் சிரித்துவிட்டார். அப்பாடா.
ஒன்பதாம் குழி. இருவரும் சமம். துரை மெல்லத் தட்டினார். பந்து நேரே வருகிறது. கொடியைப் பிடுங்குவது என் வேலை. காற்றுக்கு ஆடாமலிருக்க, குழிக்குள் இறக்கிய பால்மா டின்னோடு சேர்த்து ஆப்பு அடித்திருந்தேன். பிடுங்கினேன். டின்னும் வந்தது. பந்து டின்னில் பட்டு, சரிவில் இறங்கி, ஓடையில் விழுந்தது.
துரை டின்னை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.
நாளைக்கு உரமூட்டை எந்த மலைக்கு என்று கங்காணியிடம் கேட்க வேண்டும்.