ஏழுமலை சொன்ன பொய்

1919, ஆனி 9, திங்கள்.

தேதியை யார் உதவியும் இல்லாமல் நானே எழுதிவிட்டேன். இந்த வயதில் எழுத்து கைக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் இன்று எழுத வேண்டியிருப்பது ஏழுமலை செய்த துரோகத்தை.

போன வருஷத்து விஷக்காய்ச்சலில் பிழைத்ததிலிருந்து என் மகன் கன்னியப்பன், நாங்கள் வேலை செய்யும் தோல் கிடங்கில், வேலை நடுவில் அப்படியே நின்றுவிடுகிறான். கூப்பிட்டாலும் காதில் விழாது. எங்களோடு வேலை செய்யும் ஏழுமலையும் அதே காய்ச்சலில் படுத்து எழுந்தவன்; அவனுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். அப்போதெல்லாம் மேஸ்திரி பார்க்காதபடி நான்தான் முன்னால் நின்று மறைப்பேன்.

இன்று தோல் ஊறும் தொட்டியில் கன்னியப்பன் தோலைக் கிளறும் கோலைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"இன்னாடா, குடிச்சிட்டு வந்துட்டானா?" என்று மேஸ்திரி ஏழுமலையைக் கேட்டார்.

"ஆமாங்க, சாராயந்தான்" என்றான் அவன்.

நான் கத்தியது எடுபடவில்லை. மகனுக்கு வேலை போய்விட்டது.

பொழுது சாய்ந்ததும் ஏழுமலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். "காய்ச்சலால வந்ததுன்னு சொன்னா என் அழுகையும் வெளிய வந்துடும்ணே. என்னையும் துரத்திடுவாங்க."

"இனிமே ஊரே அவன குடிகாரன்னு சொல்லும். அவன் அத மோந்துகூட பார்த்ததில்லடா!"

அவன் அழத் தொடங்கினான். உள்ளேயிருந்து கன்னியப்பன், "ஏழுமலை மாமாவா நைனா? துன்ன கூப்புடு" என்றான். காலையில் நடந்தது எதுவும் அவன் மனதில் நிற்கவில்லை.

கதவைச் சாத்தினேன். மாமா போய்விட்டார் என்று மகனிடம் சொன்னேன். வெளியே அழுகை இன்னும் ஓயவில்லை.