‘ங்க’ போட்டுக் கேட்ட கேள்வி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

உடம்பு அசந்து கிடக்கு, தூக்கம்தான் வரல.

சாயந்தரம் சிம்மக்கல் கடையில வேலை முடிச்சு வீட்டுக்கு வந்தா, அடுப்புப் பத்தவைக்கல. துணியெல்லாம் கொடியிலேயே மழையில நனைஞ்சு கிடக்கு. செருப்பக்கூடக் கழட்டாம எங்க வீட்டுக்காரரைப் பாத்து, "பகலெல்லாம் வீட்டுல இருந்து என்னத்தப் புடுங்குனீங்க?"ன்னு கேட்டுட்டேன். ‘ங்க’ போட்டு, மரியாதையாத்தான்.

எங்கம்மா வாடிப்பட்டியில நாத்துப் புடுங்கப் போகும். அங்க அது வெறும் வேலை. அதுல மயிரைச் சேத்து எவன் முதல்ல ஏசுனானோ தெரியல. இப்ப கடையில அந்த மயிரும் உதுந்து போச்சு. மூட்டை இறக்குற அண்ணன் டீயை நீட்டி, "என்னத்தா புடுங்குற?"ன்னு கேட்டா, என்ன செய்யுறன்னு மட்டும்தான் அர்த்தம். வேலைக்குச் சேந்த புதுசுல காது கூசுச்சு. அப்புறம் நானே கணக்குப்பிள்ளையை ‘பெரிய புடுங்கி’ன்னு சொல்லிச் சிரிச்சேன். இன்னைக்கு அது என்கூடவே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துருச்சு.

அவனியாபுரத்துப் பட்டறையை மூடுன ஆடியிலிருந்து வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. கத்தியிருந்தாத் தேவல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஒண்ணும் புடுங்கல தாயி"ன்னு சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டாரு. அவர் வாயில கேட்டப்பத்தான் அது எம்புட்டு அசிங்கம்னு தெரிஞ்சுது.

சாப்பிட்டுட்டு வெளி ரூமுல உக்காந்து இதை எழுதுறேன்.

இப்ப உள்ள இருந்து குரல் கொடுக்குறாரு. "லைட்ட அணைக்காம இன்னும் என்ன செய்யுற?"

என்ன செய்யுறன்னுதான் கேக்குறாரு.